முதலில் ஊகம், பிறகு திரை

(அறிவியல் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினியையும் கைப்பேசியையும் வைத்துக் குழந்தைகளுக்கு அறிவியல் கற்றுத்தரலாமா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தரலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது திரையைத் திறப்பது, திறப்பதற்கு முன் குழந்தையிடம் என்ன கேட்பது, எந்த இடத்தில் அதை மூடிவிட்டு வெளியே போவது என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு டார்ச் பேட்டரி, ஒரு சின்ன பல்பு, ஒரே ஒரு துண்டுக் கம்பி. இந்த மூன்றை மட்டும் வைத்துப் பல்பை எரிய வைக்க வேண்டும். அமெரிக்காவில் ஹார்வர்டு-ஸ்மித்சோனியன் வானியற்பியல் மையத்தின் தயாரிப்பில் 1997-இல் வந்த 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற ஆவணப்படத்தில், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் வாங்கிய கையோடு அங்கியும் தொப்பியுமாக நின்றவர்களிடம் இவற்றைக் கொடுத்தார்கள். வாங்கியவர்களில் பலர் திணறிப்போனார்கள். அவர்களுக்கு மின்னோட்டச் சமன்பாடுகள் தெரியும். ஆனால் பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு ஒரு முனை, மரை போட்ட பக்கவாட்டு உலோகம் இன்னொரு முனை, மின்னோட்டம் ஒன்றில் நுழைந்து மற்றொன்றில் வெளியேற வேண்டும் என்பதை அவர்களுடைய விரல்கள் ஒருபோதும் தெரிந்துகொள்ளவில்லை.

நம் குழந்தைகளும் இப்படித்தான். ஆறாம் வகுப்பில் மின்னியல் பாடம் தொடங்கும் முன் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து வரையச் சொல்லிப் பாருங்கள். பேட்டரியின் மேல்முனையிலிருந்து பல்புக்கு ஒரே ஒரு கோடு போடுவார்கள். பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் வரைகிறார்கள் என்பது என் வகுப்பறை அனுபவம். வீட்டில் சுவரிலிருந்து மின்விசிறிக்கு ஒரே ஒயர் போவதாகத்தான் அந்தக் குழந்தை பார்த்திருக்கிறது. அந்த ஒயருக்குள் இரண்டு கம்பிகள் இருப்பதை யாரும் அதற்குக் காட்டவில்லை.

இந்தக் குழந்தையிடம் உடனே கணினியைக் கொடுத்தால் என்ன ஆகும்? திரையில் மின்சுற்றை அமைக்கும். எரியும். கைதட்டும். அடுத்த வாரம் மறுபடி தாளைக் கொடுத்தால், அதே ஒற்றைக் கோட்டைத்தான் போடும். ஆகவே முதல் வேலை, பேட்டரியையும் பல்பையும் கம்பியையும் அதன் கையில் கொடுப்பது. எரியாமல் எரியாமல் ஒருமுறை எரியும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வேலை கேள்வி கேட்பது. "இரண்டு பல்புகளை வரிசையாக, ஒன்றையடுத்து ஒன்றாக இணைத்தால் எது பிரகாசமாக எரியும்?" கை தூக்கச் சொல்லுங்கள். "பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கிற பல்பு அதிகம் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் அடுத்ததற்குப் போகும் சார்" என்று ஒரு பெரிய கட்சி இருக்கும். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் எரியும் மிஸ்" என்று சிறுபான்மைக் கட்சி ஒன்று இருக்கும். ஊகத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு எந்தக் குழந்தையும் வெறும் பார்வையாளராக இருக்க முடியாது. முடிவு என்ன என்று தெரிந்துகொள்ளும் அவசரம் வந்துவிடும்.

இப்போது திரையைத் திறக்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் கார்ல் வீமன் தொடங்கிய 'ஃபெட்' என்ற திட்டத்தை இங்குள்ள ஆசிரியர்கள் பலர் அறிவீர்கள். 2001-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் வீமன். அதற்கடுத்த ஆண்டே வகுப்பறைக்கான சிமுலேஷன்கள் செய்ய உட்கார்ந்துவிட்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்மீது மரியாதை கூடுகிறது. அத்தனையும் இலவசம். தமிழிலும் பல கிடைக்கின்றன. அதில் மின்சுற்று அமைக்கும் பெட்டி ஒன்று உண்டு. பேட்டரி 9 வோல்ட், பல்பின் மின்தடை 10 ஓம். இணைத்ததும் கம்பிக்குள் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் நகரத் தொடங்கும். அம்மீட்டரை எடுத்துப் பல்புக்கு முன்னால் வைத்தால் 0.90 ஆம்பியர். பல்புக்குப் பின்னால் வைத்தால்? அங்கும் 0.90 ஆம்பியர்.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். அவசரப்பட்டு விளக்கம் சொல்லிவிடாதீர்கள். பல்பு மின்னோட்டத்தைத் 'தின்றுவிடும்' என்று எழுதிவைத்த குழந்தை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். அம்மீட்டரை மறுபடி முன்னால் வைக்கும், பின்னால் வைக்கும். இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் இரண்டுமே ஒரே அளவில் மங்கும். சுற்றில் எங்கே வைத்தாலும் 0.45 ஆம்பியர் காட்டும். பேட்டரியின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்துவிட்டால் திரையில் தீப்பிழம்பு கிளம்பும். நிஜத்தில் செய்யக் கூடாத அந்த ஆபத்தான தவறை இங்கே நூறு முறை செய்து பார்க்கலாம். ஒரு ரூபாயும் நஷ்டமில்லை, ஒரு விரலும் சுடாது. நிஜ பல்புகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கடையில் வாங்கும் இரண்டு டார்ச் பல்புகள் முழுக்க ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று கொஞ்சம் கூடுதலாக எரிந்து தொலைக்கும். தவறாக ஊகித்த குழந்தை, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று வெற்றிக்கொடி கட்டிவிடும். அங்கே திரை உதவிக்கு வருகிறது.

2005-இல் ஃபெட் குழுவைச் சேர்ந்த நோவா ஃபிங்கெல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் நிஜக் கருவிகளில் மின்சுற்றுச் செய்முறை செய்தார்கள். இன்னொரு பிரிவினர் சிமுலேஷனில் மட்டும் செய்தார்கள். பிறகு இரண்டு பிரிவினரையும் நிஜக் கருவிகளைக் கொண்டே ஒரு சுற்றை அமைத்து விளக்கச் சொன்னபோது, சிமுலேஷனில் பழகியவர்கள் மேலாகச் செய்தார்கள். இதை எடுத்துக்காட்டி, "அப்படியானால் ஆய்வகமே வேண்டாம், கணினி போதும்" என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் அந்த ஆய்வை முழுதாகப் படிக்கவில்லை. அங்கே கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள். என்ன பார்க்க வேண்டும், எதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று வழிகாட்டும் கேள்வித்தாள் அவர்கள் கையில் இருந்தது. கம்பியையே தொட்டிராத பதினொரு வயதுக் குழந்தைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

ஊகத்துக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், அதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஹார்வர்டில் கேத்தரின் கிரவுச், எரிக் மஸூர் முதலானோர் 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வகுப்பில் ஆசிரியர் செய்துகாட்டும் சோதனையை வெறுமனே பார்த்த மாணவர்களும், அதைப் பார்க்கவே பார்க்காத மாணவர்களும், பின்னால் விளக்கம் எழுதும்போது ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தார்கள். பார்ப்பதற்கு முன் இரண்டு நிமிடம் ஒதுக்கி ஊகித்தவர்கள் முன்னேறியிருந்தார்கள். கண்ணெதிரே நடக்கும் நிஜச் சோதனைக்கே இந்தக் கதி என்றால், ஸ்மார்ட் போர்டில் ஓடும் அனிமேஷனைப் பார்த்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும் நாற்பது குழந்தைகளைப் பற்றி என்ன சொல்ல? ஓடுகிற படம் பாடம் நடந்துவிட்டது என்ற நிம்மதியை ஆசிரியருக்குத் தருகிறது. குழந்தைக்கு என்ன தருகிறது என்று கேட்டாக வேண்டும்.

திரை காட்டுவது எதுவும் அப்படியே உண்மை கிடையாது. இதைக் குழந்தைகளிடம் ஒளிக்கக் கூடாது. பாடத்தின் பகுதியாகவே ஆக்க வேண்டும். நீலப் புள்ளிகளாக ஓடும் எலக்ட்ரான்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் ஓடும்போது, எலக்ட்ரான்கள் நொடிக்குச் சராசரியாக 0.07 மில்லிமீட்டர் அளவே முன்னேறுகின்றன. ஒரு மீட்டர் கம்பியைக் கடக்க நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். இதை எட்டாம் வகுப்பில் சொன்னால், "அப்புறம் எப்படி சார் சுவிட்சைப் போட்டவுடனே லைட் எரியுது?" என்ற கேள்வி கண்டிப்பாக வரும். வரட்டும். கம்பி முழுக்க எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன, தள்ளும் விசை கம்பியெங்கும் கிட்டத்தட்ட உடனே பரவி எல்லாவற்றையும் ஒருசேர நகர்த்துகிறது என்ற விளக்கத்தை, திரையின் பொய்யிலிருந்தே கொண்டுவர முடிகிறது. "இந்தப் படத்தில் எது நிஜம் இல்லை?" என்ற கேள்வியை ஒவ்வொரு சிமுலேஷன் முடிந்த பிறகும் கேளுங்கள். அணுவுக்கு நிறம் உண்டா? எலக்ட்ரான் உருண்டையா? குழந்தைகள் பட்டியலே போடுவார்கள்.

சில பாடங்களில் திரை தோற்றுவிடும். சூரியக் குடும்பம் அப்படிப்பட்ட பாடம். எந்த அனிமேஷனிலும் சூரியனும் எட்டுக் கோள்களும் ஒரே சட்டத்துக்குள் அடங்கி, பம்பரமாகச் சுற்றும். அப்படி அடங்காது என்பதுதான் அங்கே கற்க வேண்டிய விஷயமே. ஒரு மீட்டர் விட்டத்தில் மைதானத்து மண்ணில் ஒரு வட்டம் போடுங்கள், அது சூரியன். இந்த அளவில் பூமி 9 மில்லிமீட்டர். ஒரு கொண்டைக்கடலைக்குச் சமம். அதை எங்கே வைப்பது? குழந்தைகள் இரண்டடி, நாலடி என்று வைப்பார்கள். சரியான இடம் 107 மீட்டருக்கு அப்பால், பள்ளிக்கூடத்துக் கேட்டைத் தாண்டி. நிலா அந்தக் கடலையிலிருந்து 27 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டரை மில்லிமீட்டர்க் கடுகு. வியாழனை வைக்க அரைக் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். இந்த நடையைக் கால்கள்தான் கற்றுத்தரும். கணினியை அணைத்துவிட்டு வெளியே போங்கள் என்று நான் சொன்ன இடம் இது.

நிலாவின் பிறைகள் இதற்கு நேர்மாறு. அங்கே கண்ணும் திரையும் மாறி மாறி வேலை செய்யும். பூமியின் நிழல் விழுவதால்தான் நிலா தேய்கிறது என்று பெரியவர்களில்கூட நிறையப் பேர் நம்புகிறோம். மறுப்பதற்கு வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே போதும். வளர்பிறை அஷ்டமியன்று மாலை, சூரியன் மறையும் நேரத்தில் குழந்தையை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். அரை நிலா உச்சிவானத்தை ஒட்டி நிற்கும். சூரியன் மேற்கே. அப்படியானால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? கிழக்கே. உச்சியில் நிற்கும் நிலாமீது கிழக்கே போகும் நிழல் எப்படி விழும்? விழாது. அந்த ஒரு மாலையிலேயே தவறான விளக்கம் ஆட்டம் கண்டுவிடும். இரண்டு வாரம் இப்படிப் பார்த்து நோட்டில் வரைந்த பிறகு, 'ஸ்டெல்லேரியம்' என்ற இலவச மென்பொருளில் ஒரு மாதத்தை ஒரு நிமிடத்தில் ஓட்டிக் காட்டுங்கள். தான் வரைந்ததைத் திரையில் சரிபார்க்கும் குழந்தை ஆராய்ச்சியாளராக மாறிவிட்டது. அதே மென்பொருளில் தேதியை 1610 ஜனவரிக்குக் கொண்டுபோய், கலிலியோ தன் தொலைநோக்கியில் கண்ட வியாழனின் நிலாக்களையும் இரவு இரவாகப் பார்க்கலாம். நானூறு ஆண்டு பின்னால் போவதெல்லாம் திரையால் மட்டுமே முடிகிற காரியம்.

இனி, நான் மிகவும் விரும்பும் பகுதிக்கு வருகிறேன். கைப்பேசியை நாம் படம் காட்டும் பெட்டியாகவே பார்க்கிறோம். அது ஓர் அளவுகருவி. முடுக்கத்தை அளக்கும் உணரி, ஒலிவாங்கி, கேமரா ஆகியவை எல்லா ஸ்மார்ட்போனிலும் உண்டு. காந்தப்புலத்தை அளக்கும் உணரி பெரும்பாலானவற்றில் உண்டு. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்கு நேரே பிடித்துப் பட்டனை அழுத்துங்கள்; கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் வெளிர் ஊதாவாக மின்னும். பின் கேமராவில் தெரியாவிட்டால் முன் கேமராவில் பாருங்கள்.

ஜெர்மனியின் ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட 'ஃபைஃபாக்ஸ்' என்ற செயலி இந்த உணரிகளையெல்லாம் குழந்தைகளுக்குத் திறந்துவிடுகிறது. இலவசம், ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமும் வேண்டாம். அதில் ஒலியால் ஓடவும் நிற்கவும் செய்யும் ஒரு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. இரண்டு கைப்பேசிகளை 5 மீட்டர் இடைவெளியில் தரையில் வையுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குழந்தை. கடிகாரங்கள் இரண்டும் தயார். முதல் குழந்தை தன் கைப்பேசி அருகே ஒருமுறை பலமாகக் கைதட்டுகிறது. அந்தக் கடிகாரம் உடனே ஓடும். தள்ளி இருக்கும் கடிகாரம் ஒலி வந்து சேர்ந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். சில நொடிகள் கழித்து இரண்டாவது குழந்தை கைதட்டுகிறது. இப்போது அதன் கடிகாரம் முதலில் நிற்கும். மற்றது ஒலி வந்து சேரும்வரை ஓடும். இரண்டு அளவுகளையும் கழித்துப் பார்த்தால் வித்தியாசம் 0.029 நொடிக்குப் பக்கத்தில் வரும். அது ஒலி 5 மீட்டர் போய், 5 மீட்டர் திரும்பிய நேரம். 10 மீட்டரை அதனால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 345 மீட்டர். கடிகாரங்களை ஒரே நேரத்தில் முடுக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்தச் சோதனையின் அழகு. பாடநூலில் அச்சிட்ட எண் ஒன்றை ஒரு குழந்தை தன் உள்ளங்கைகளாலேயே அளந்துவிடுகிறது. முதல் முறையே சரியாக வராது. பக்கத்து வகுப்பின் சத்தத்துக்குக் கடிகாரம் நின்றுவிடும். பத்து முறை செய்து சராசரி எடுக்கலாமே என்று குழந்தைகளே சொல்வார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் அறிவியலுக்குள் வந்துவிட்டார்கள். வெயில் காலத்தில் செய்ததையும் மார்கழியில் செய்ததையும் ஒப்பிடச் சொல்லலாம். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடும்.

கண்ணாடி மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் உலகத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தனியார் பள்ளி விளம்பரங்களில் அதுதான் இப்போது முதல் படம். மக்ரான்ஸ்கி, மேயர் முதலான ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு இது: ஒரே அறிவியல் ஆய்வகச் சிமுலேஷனைச் சாதாரணத் திரையிலும் மெய்நிகர் கண்ணாடியிலும் செய்யவைத்தபோது, கண்ணாடி போட்டவர்கள் அங்கேயே இருப்பதாக அதிகம் உணர்ந்தார்கள், கற்றதோ குறைவு. இதயத்துக்குள் புகுந்து வரும் அனுபவம் வியப்பைத் தரும், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பணத்துக்கு ஒரு பள்ளி முழுவதற்கும் பேட்டரியும் பல்பும் அம்மீட்டரும் வாங்கிவிடலாம். மனு பிரகாஷும் ஜிம் சைபல்ஸ்கியும் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கியைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரலாம். அதன் வில்லையோடு கைப்பேசிக் கேமராவைச் சேர்த்து, வெங்காயத் தோலின் செல்களைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனம் ஃபிளாஷ் தொழில்நுட்பத்துக்கான ஆதரவை நிறுத்தியது. ஃபிளாஷில் செய்யப்பட்டிருந்த ஏராளமான அறிவியல் அனிமேஷன்கள் அதன்பின் உலாவிகளில் திறக்கவில்லை. ஃபெட் குழு தன்னுடையவற்றைப் புதிய வடிவில் திரும்ப எழுதியதால் அவை பிழைத்தன. குழந்தைகளை மெய்நிகர்ச் சுற்றுலா அழைத்துப்போன கூகுளின் 'எக்ஸ்பெடிஷன்ஸ்' செயலி 2021 ஜூனில் மூடப்பட்டது. ஆகவே, கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளக் கூடியவற்றுக்கு முன்னுரிமை கொடுங்கள். ஃபெட்டின் புதிய சிமுலேஷன் ஒவ்வொன்றும் ஒரே கோப்புதான். இணையம் இல்லாத ஊரிலும் திறக்கும்.

நம் தமிழ்நாட்டில் கருவிகளே இல்லை என்று சொல்ல முடியாது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப்கள் இருக்கின்றன. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் கோடுகள் அச்சாகியிருக்கின்றன. அறிவியல் பாடங்களின் முடிவில் இணையச் செயல்பாடு என்றே ஒரு பகுதி உண்டு. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குக் கைச் செய்முறைகளைக் கொண்டுவருகிறது. என் ஆதங்கம், இவை தனித்தனி அறைகளில் நடக்கின்றன என்பதுதான். பல்பு ஓர் இடத்தில், கணினி ஓர் இடத்தில். இரண்டும் ஒரே பாடவேளையில் ஒரே மேசையில் சந்திக்க வேண்டும். கணினி அறை இணையத் தேர்வுக்கும் பதிவேற்றத்துக்கும் மட்டுமே திறக்கிறது என்றால், அது குழந்தைகளின் அறை ஆகாது.

பெற்றோர்களிடமும் ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டின் 'அசர்' கள ஆய்வின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் பள்ளிக் குழந்தைகளின் வீடுகளில் 67.6 விழுக்காட்டில் ஸ்மார்ட்போன் இருந்தது. ஆனால் அப்படிப்பட்ட வீடுகளிலும் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தைக்கு அது படிப்புக்குக் கிடைக்கவே இல்லை. அப்பாவோடு வேலைக்குப் போகும் போன் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. அதன் பிறகும் அண்ணனுக்குக் கிடைப்பது தங்கைக்குக் கிடைப்பதில்லை. ஆகையால் ஆசிரியர்களே, போன் வேண்டிய எதையும் வீட்டுப்பாடமாகக் கொடுக்காதீர்கள். பள்ளியிலேயே, ஒரு குழுவுக்கு ஒரு போன் என்று வைத்துச் செய்யுங்கள். பெற்றோர்களே, வாரத்தில் ஒரு மாலை அரைமணி நேரம் உங்கள் போனை மகளிடம் கொடுத்து, அவள் எதை அளக்கிறாள் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

நான் இன்று சொன்ன மின்சுற்றுச் சிமுலேஷனும், ஸ்டெல்லேரியமும், ஒலிச் சோதனைக்கான ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் மேடைக்கு இடப்புறம் உள்ள கணினியில் இருக்கின்றன. பென் டிரைவ் கொண்டுவந்தவர்கள் இப்போதே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுவராதவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் பள்ளியின் பெயரைச் சொல்லிவைத்து, நாளை வாங்கிக்கொள்ளுங்கள். வரும் வாரம் ஒரு பாடவேளையாவது, முதலில் பல்பைக் குழந்தைகள் கையில் கொடுத்து, ஊகத்தை எழுதவைத்து, அதன் பிறகு கணினியைத் திறங்கள். மவுஸ் உங்கள் கையில் இருக்க வேண்டாம், அவர்களிடமே கொடுத்துவிடுங்கள்.